ஆறு வருடத்துப் பாதை

பாட்டரியைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டு விளக்குக்காரன் கைகளைத் தட்டிக்கொண்டான்.

"ஆட்டாம வா. உள்ள ஆசிட் இருக்கு," என்றான்.

அவள் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டாள். இருபது கிலோ இருக்கும். தலைச்சுமை அவளுக்குப் புதிதல்ல. பதினெட்டு வயதிலிருந்து கல் உடைக்கும் ஆலையில் வேலை. மற்றவர்கள் நாலு அடி அடித்து உடைக்கும் கல்லை இரண்டே அடியில் பிளந்துவிடுவாள் என்பதால் அங்கே அவளுக்குச் சம்மட்டி என்று பெயர். அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. சுமையைத் தூக்க அவள் யோசித்ததே இல்லை. ஆனால், கையை வீசிக்கொண்டு நடக்கிற புருஷன் ஆட்டாமல் வா என்று புத்தி சொன்னால் யாருக்கும் பற்றிக்கொண்டுதான் வரும்.

"நீங்க முன்னால போங்க. வழியக் காட்டுங்க," என்றாள்.

மலை என்று சொன்னால் சிரிப்பார்கள். கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு குன்று, அவ்வளவுதான். ஊரின் கடைசித் தெருவிலிருந்து அரை மைல் தள்ளி, வேலை இல்லாதவன்கூட எட்டிப் பார்க்காத இடத்தில் இருந்தது. உச்சியில் ஓர் இரும்புக் கம்பம். கம்பத்தின் தலையில் ஒரு விளக்கு. பக்கத்தில் இருக்கும் சூரியத் தகடு பகலெல்லாம் வெயிலைக் குடித்துப் பாட்டரிக்குக் கொடுக்கும். இருட்டியதும் விளக்கு தானாக விட்டுவிட்டு மின்னும். அடியில் பாறைகள் இருப்பதால் படகுகள் அந்த மின்னலைப் பார்த்து ஒதுங்கிப் போகும். மாதம் ஒரு தடவை அவன் மேலே ஏறித் தகட்டைத் துடைத்து, ஒயர்களைப் பார்த்துவிட்டு, ஆபீஸ் கொடுத்த தாளில் 'ஏறிப் பார்த்தது' என்ற கட்டத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். மற்ற நாட்களில் துறைமுக ஆபீசில் பெயிண்ட் அடிப்பதும் கயிறு சுற்றுவதுமாகப் பொழுது போகும். ஆனாலும் ஊரில் அவனுக்கு விளக்குக்காரன் என்றுதான் பெயர்.

அந்த விளக்குதான் மூன்று நாட்களாக எரியவில்லை. முதல் நாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் ஒரு படகு பாறையில் உரசி அடிப்பலகை பிளந்து, நாலு பேர் நீந்திக் கரையேறினார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. படகுக்காரர் நேராக ஆபீசுக்குப் போய் மேஜையைக் குத்திக் கத்திவிட்டு வந்தார். ஆபீசிலிருந்து புதுப் பாட்டரியைப் பஸ்ஸில் போட்டு அனுப்பினார்கள். கூடவே ஒரு போனும் வந்தது. பேசியவர் மேற்பார்வை அதிகாரி.

"நாளைக்குப் பத்து மணிக்கு வரேன். நானே மேல ஏறிப் பாக்கிறேன். மாசா மாசம் நீ என்னத்தப் பார்த்தேன்னு தெரிஞ்சாகணும்."

வேலை போனால் வீடும் போகும். குன்றின் அடிவாரத்தில் இருக்கும் அந்த இரண்டு அறை வீடு ஆபீஸ் வீடு. அதற்கு முன்னால் ஆலைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் ஐந்து வருடம் குடியிருந்தார்கள். மூடி வைத்த சோற்றிலும் கல்தூசி இருக்கும். தூங்கி எழுந்தால் கண்ணிமை ஒட்டிக்கொண்டு பிரியாது. ஆறு வருடத்துக்கு முன் ஆபீஸ் வீட்டுக்கு வந்த முதல் நாள் அவள் தரையைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அந்தத் தரைக்காக அவள் எந்தச் சுமையையும் தூக்குவாள். அதனால்தான் ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு இன்று பாட்டரிக்குத் தலையைக் கொடுத்தாள். அவனுக்குத் தோளில் பிடிப்பு. அது எப்போதும் தூக்க வேண்டிய நாளில்தான் வரும்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பியவர்கள் எட்டரைக்கு ஒரு முட்புதருக்குள் நின்றார்கள்.

"இப்படித்தான் போகணுமா?" என்று கேட்டாள்.

"இப்படித்தான். போன மழையில மண்ணு சரிஞ்சு மாறிப் போச்சு."

"முள்ளும் மழையில சரிஞ்சு வந்ததா?"

"வழி நடக்கறப்போ வாயக் குறைச்சுக்கோ. மூச்சு வாங்கும்."

மூச்சு அவனுக்குத்தான் வாங்கியது. அவன் கத்தியை வைத்து இரண்டு கிளையை வெட்டினான். வெட்டிய இடத்துக்கு அப்பால் ஒரு பாறை சுவர் போல நின்றது. மறுபடி திரும்பி, வந்த வழியே இறங்கி, இடது கைப் பக்கமாக ஏறினார்கள். அங்கே சரளைக்கல். ஒரு அடி வைத்தால் அரை அடி வழுக்கியது. பாட்டரியோடு அவள் இரண்டு தடவை முட்டி போட்டாள். பாட்டரி ஆடவில்லை. முட்டிதான் சிராய்த்தது.

"போன மாசம் எந்தப் பக்கமா ஏறுனீங்க?"

"இதே பக்கம்தான்."

"ஒரு மாசத்துல இவ்வளவு முள்ளு முளைச்சுதா?"

"ஆடு மேய்ஞ்சா அப்படித்தான். மேய மேய வளரும்."

ஆடு மேய்ந்தால் புதர் குறையுமா வளருமா என்று அவள் கேட்கவில்லை. கழுத்து நரம்பு விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. கேள்வி கேட்பதற்குத் தலையைத் திருப்ப வேண்டும். தலையில் இருபது கிலோவை வைத்துக்கொண்டு திரும்ப முடியாது. கட்டினவனுக்கு அது வசதியாகப் போயிற்று.

ஒன்பதரை மணிக்கு ஒரு மேட்டில் ஏறி நின்று, "வந்தாச்சு," என்றான். வரவில்லை. அந்த மேட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம், பள்ளத்துக்கு அப்பால் இன்னொரு மேடு, அதன் மேல்தான் கம்பம் தீக்குச்சி மாதிரி தெரிந்தது. விளக்குக்காரன் அதை முதல் தடவையாகப் பார்க்கிறவன் போலப் பார்த்தான். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு.

அவளுக்கு அப்போதே ஏதோ உறைத்தது. ஆனால் பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. கால் வைக்கும் இடத்தைப் பார்ப்பதா, கட்டினவன் மூஞ்சியைப் பார்ப்பதா? காலைப் பார்த்தாள்.

பத்தரைக்கு உச்சி வந்தது. அவன் பாட்டரியை இறக்கி வைத்தான். அவள் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கண் தெளிந்ததும் முதலில் பார்த்தது சூரியத் தகட்டைத்தான்.

தகடு தெரியவில்லை. தகடு இருக்கும் இடத்தில் வெள்ளையாக, சுண்ணாம்பு அடித்தது போல ஒன்று இருந்தது. பறவை எச்சம். ஒரு மாதத்து எச்சம் இல்லை அது. அடுக்கடுக்காக விழுந்து காய்ந்து இறுகி, விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. ஒயரின் ஒரு முனை பச்சைக் களிம்பு பூத்து இற்றுப் போயிருந்தது. பாட்டரிப் பெட்டியின் பூட்டில் சாவி நுழையவில்லை. துரு. கடைசியில் அவள்தான் ஒரு கல்லை எடுத்து இரண்டு அடி அடித்தாள். பூட்டு வாயைத் திறந்தது.

அவன் அவள் பக்கம் திரும்பாமல் வேலை செய்தான். பழைய பாட்டரியைக் கழற்றிப் புதியதை மாட்டினான். இற்ற ஒயரை வெட்டிச் சுரண்டி முறுக்கினான். அதில் குறை சொல்ல முடியாது. கை வேலை தெரிந்தவன். அவள் கத்தியின் பின்பக்கத்தால் எச்சத்தைச் சுரண்டி, குடிக்கக் கொண்டு வந்த தண்ணீரில் பாதியை ஊற்றித் துடைத்தாள். தகடு கறுப்பாகப் பளபளத்தது. விளக்கின் பக்கத்தில் பொத்தான் அளவில் ஒரு கண் இருந்தது. பகலா ராத்திரியா என்று பார்த்துச் சொல்லும் கண். அவன் அதைக் கையால் மூடினான். விளக்கு மினுக், மினுக் என்றது.

மொத்த வேலை இருபது நிமிடம்.

"முடிஞ்சுது," என்றான். "இதுக்குப் போய் ஊரையே கூட்டினானுங்க."

அவள் எழுந்து நின்றாள். மூன்று பக்கமும் கடல். வெயிலில் தகடு தகடாக மின்னியது. கீழே அந்தப் பாறைகள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. அவற்றைச் சுற்றி நுரை. அங்கேதான் நாலு பேர் தண்ணீரில் குதித்திருக்கிறார்கள். தூரத்தில் துறை, வரிசையாகப் படகுகள், ஒன்று மட்டும் மணலில் கவிழ்ந்து கிடந்தது. இந்தப் பக்கம் திரும்பினால் ஊர். அவள் வீட்டுக் கூரையும், கொடியில் போட்டுவிட்டு வந்த துணிகளும் தெரிந்தன. அழகாகத்தான் இருந்தது. இவ்வளவு உயரத்தில் நின்று தன் வீட்டை அவள் பார்த்ததே இல்லை.

பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு வேறொன்று கண்ணில் பட்டது. கோடுகள். வீட்டிலிருந்து குழாயடிக்கு ஒரு வெள்ளைக் கோடு. குழாயடியிலிருந்து சாலைக்கு ஒன்று. துறையிலிருந்து ஐஸ் கட்டி விற்கும் கடைக்குத் தடித்த ஒரு கோடு. எதிர்ப் பக்கத்து மொட்டைக் குன்றில்கூட ஆடுகள் போன சன்னமான கோடுகள், வலை போல. யாரும் போட்ட பாதைகள் இல்லை. கால்கள் போய்ப் போய்ப் புல் செத்து மண் வெளுத்த தடங்கள்.

அவள் காலடியைப் பார்த்தாள். கம்பத்தைச் சுற்றிப் புல் முட்டி உயரத்துக்கு நின்றது. அங்கிருந்து அடிவாரம் வரைக்கும் ஒரு கோடும் இல்லை. குன்று, கால் படாத மேனிக்குக் கிடந்தது.

"ஏங்க."

"ம்."

"இங்க எத்தனை தடவ ஏறியிருக்கீங்க?"

"மாசம் ஒண்ணு. கணக்குப் போட்டுக்கோ."

"போட்டுட்டேன். எழுபத்திரண்டு வருது. எழுபத்திரண்டு தடவ ஒரு நாய் நடந்திருந்தாக்கூட தடம் விழுந்திருக்கும்."

அவன் ஸ்பானரைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

"ரெண்டு தடவ," என்றான்.

"என்ன ரெண்டு தடவ?"

"கம்பம் நட்டப்போ ஒண்ணு. அடுத்த மாசம் ஒண்ணு. விளக்கு எரியுதா இல்லையான்னு வாசல்ல நின்னாலே தெரியுதே. எரியுற விளக்க மேல வந்து என்னத்தத் தொட்டுப் பாக்குறது? நீயே சொல்லு."

அவளுக்குள் எழுபத்திரண்டு சாப்பாட்டுப் பொட்டலங்கள் வரிசையாக வந்து நின்றன. மாதத்தின் முதல் சனிக்கிழமை. மலை ஏறுகிற மனுசன், வயிறு காயக் கூடாது என்று அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கட்டிக் கொடுப்பாள். அதை எங்கே உட்கார்ந்து தின்றான்? சாயங்காலம் ஆலையிலிருந்து வந்து, தூசி மூஞ்சியைக்கூடக் கழுவாமல், எண்ணெயைச் சூடு பண்ணி அவன் கெண்டைக்காலை நீவி விடுவாள். இவனும் கண்ணை மூடிக்கொண்டு, "அங்கதான், அங்கதான். அந்த நரம்புதான் இழுக்குது," என்று காட்டுவான்.

"சனிக்கிழம எங்க போவ?"

பதினொரு வருடத்தில் அவள் அவனை முதல் தடவையாக நீ என்றாள். அவன் அதைக் கவனித்தான். ஆனால் அதைப் பற்றிப் பேசுகிற இடத்தில் அவன் இல்லை.

"சலூன் பெஞ்சு. பேப்பர் படிப்பேன். சில நாள் துறையில சீட்டு."

"கெண்டக்கால் எதுக்கு வலிச்சுது? சீட்டுப் போட்டா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சிரிக்கிறானா என்று பார்த்தாள். சிரித்திருந்தால் ஸ்பானர் அவள் கைக்கு வந்திருக்கும். சிரிக்கவில்லை.

"அந்த நாலு பேரும் கரையேறாம இருந்திருந்தா?" என்றாள்.

"ஏறிட்டாங்கல்ல."

"அவனுங்க நீந்துனானுங்க. நீ எதுவும் செய்யல."

காற்று பலமாக அடித்தது. கீழே நுரை பாறையின் மேல் ஏறி வழிந்தது. அவள் பக்கத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தாள். அவனை இங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போய்விடலாம். போய், அதிகாரி வரும்போது, எழுதினதெல்லாம் பொய் என்று சொல்லலாம். சொன்ன மறுநாள் தகரக் கொட்டகை. தரையைத் தடவினால் விரலில் ஒட்டும் தூசி. தப்பு செய்தவன் ஒருத்தன், மறுபடி தூசி தின்பது இரண்டு பேர். எந்த ஊர் நியாயம் இது?

"நாளைக்கு அந்தாளு இங்க ஏறப்போறாரு," என்றாள்.

"ஏறட்டும். விளக்கு எரியுதுல்ல."

"எந்த வழியா ஏறுவாரு?"

அவன் கீழே பார்த்தான். பார்த்த பிறகுதான் அவனுக்கும் உறைத்தது. வாசலில் நின்று விளக்கைப் பார்த்தே மாதம் தவறாமல் கையெழுத்து வைத்தவனுக்கு, நடந்தால் தடம் விழும், நடக்காவிட்டால் விழாது என்று ஒரு நாளும் தோன்றவில்லை. பொய்யைத் தாளில் மட்டும் எழுதினால் போதும் என்று இருந்துவிட்டான்.

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிடவா?"

"உனக்கு உடம்பு சரியில்லைன்னா அவரு ஏற மாட்டாரா? எந்திரி. அந்தப் பழைய பாட்டரியத் தூக்கு."

"தோளு…"

"தூக்கு."

தூக்கினான்.

இறங்கும்போது வழியை அவள்தான் பார்த்தாள். ஆலையில் லோடு ஏற்றுகிறவர்களுக்குச் சரிவு தெரியும். எந்த இடத்தில் குறுக்காகப் போக வேண்டும், எந்த இடத்தில் வளைந்தால் மூச்சு வாங்காது, சுமையோடு ஒரு மனுசன் எங்கே இயல்பாக நின்று இளைப்பாறுவான் என்பதெல்லாம் காலுக்கே தெரியும். மாதா மாதம் ஏறுகிறவன் எப்படி ஏறியிருப்பானோ அப்படி ஒரு கோட்டை அவள் மனசுக்குள் இழுத்தாள். ஒன்பது வளைவு வந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு கல்லைப் புரட்டி அடையாளம் வைத்தாள்.

வீட்டுக்குப் போய் இரண்டு கோணிச் சாக்கில் கல் நிரப்பினாள். வாயைக் கயிற்றால் கட்டி, கயிற்றின் முனையில் ஒரு கண்ணி போட்டாள்.

"இது எதுக்கு?"

"இடுப்புல மாட்டிக்க. இறங்கறப்போ இழுத்துக்கிட்டு வா. ஏறறப்போ காலத் தேச்சுத் தேச்சு வை. ஒரே இடத்துல வை. நான் வச்ச அடி மேல நீ வைக்கணும்."

"எத்தன தடவ?"

"எழுபத்திரண்டுல ரெண்டு போக எழுபது. வெளிச்சம் இருக்கிற வரைக்கும் எத்தன முடியுதோ அத்தன."

மூன்றாவது நடைக்குள் புல் சாய்ந்தது. நாலாவதில் வேர் தெரிந்தது. சாக்கு உரசி உரசிச் சரளை ஒதுங்கி, மண் தலையைக் காட்டியது. அவன் வெட்டிய கிளைகளில் வெட்டு வாய் வெள்ளை வெளேரென்று இருந்தது. இப்போதுதான் வெட்டியது என்று குருடனும் சொல்வான். அவள் ஒவ்வொன்றிலும் ஈரமண்ணை அப்பித் தேய்த்தாள். வெட்டிப் போட்ட கிளைகளை இழுத்துப் பள்ளத்தில் தள்ளினாள். கம்பத்தைச் சுற்றிய புல்லைக் கையால் பிடுங்கி எறிந்தாள். உள்ளங்கை கிழிந்தது.

ஐந்தாவது நடையில் அவன் ஒரு வளைவில் உட்கார்ந்துவிட்டான்.

"கெண்டக்கால் இழுக்குது," என்றான். "நெசமாவே இழுக்குது."

"எந்த நரம்பு? காட்டு. அங்கதானா?"

அவன் எழுந்து நடந்தான்.

வெயில் தலைக்கு மேலிருந்து கடல் பக்கம் சாய்ந்தது. கீழே சாலையில் போன ஒரு மீன் வண்டிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டு வெகு நேரம் மேலே பார்த்தான். ஒரு ஆணும் பெண்ணும் சாக்கு மூட்டையை இழுத்துக்கொண்டு குன்றில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால் யாராக இருந்தாலும் நின்று பார்ப்பார்கள். அவன் கையைக் கட்டிக்கொண்டு, "என்னக்கா, வேண்டுதலா?" என்று கத்தினான்.

"ஆமா. இவருக்குப் புத்தி வரணும்னு," என்று அவள் திருப்பிக் கத்தினாள்.

ஆறு நடை முடிந்தபோது கடல் மங்கியது. இரண்டு பேரும் வாசலில் விழுந்தார்கள். மேலே விளக்கு மினுக் என்று ஆரம்பித்தது. யாரும் அதைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. அவள் தலையை மட்டும் திருப்பிக் குன்றைப் பார்த்தாள். அந்த அரை வெளிச்சத்திலும், ஒன்பது வளைவும் வெளிறிய நூல் மாதிரித் தெரிந்தன. ஆறு வருடத்துப் பாதை இல்லை. நன்றாகப் பார்க்கிறவனுக்கு அது தெரியும். ஆனால் மூன்று வருடத்துப் பாதை என்று சொன்னால் நம்பலாம்.

மறுநாள் பத்தே முக்காலுக்கு ஜீப் வந்தது. அதிகாரி பளபளவென்று ஷூ போட்டிருந்தார். இறங்கியதும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு குன்றை நிமிர்ந்து பார்த்தார். வெயில் அதற்குள் சுட்டது.

"எவ்வளவு நேரமாகும்?"

"நாப்பது நிமிஷம் சார்," என்றான் விளக்குக்காரன். தொடை இறுகிப் போய், காலையில் கட்டிலிலிருந்து சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருந்தான்.

"வாங்க சார், வெயில் ஏறறதுக்குள்ள போயிடலாம். நானும் கூட வரேன்," என்றாள் சம்மட்டி.

அவர் நடந்தார். முதல் வளைவு வரைக்கும் போனார். ஷூவைத் தூக்கிப் பார்த்தார். செம்மண். நின்று, மிச்சப் பாதையைக் கண்ணாலேயே ஏறி உச்சி வரைக்கும் போய் வந்தார்.

"பாதையப் பாத்தாலே தெரியுதே," என்றார். "ஆளு ஒழுங்கா ஏறி இறங்குறான்னு. எனக்கு வேற மாதிரி சொன்னாங்க."

"மேல பாட்டரி புதுசா மாட்டியிருக்கு சார். ஒரு தடவ பாத்துட்டீங்கன்னா," என்றாள் அவள். அவளுக்கே தன் குரல் விசித்திரமாக இருந்தது. இந்த ஆள் ஏறக் கூடாது என்றுதானே நேற்றெல்லாம் பயந்தாள். இப்போது ஏறாமல் போனால் அழுகை வந்துவிடும் போல இருந்தது. ஒன்பது வளைவு. அவர் பார்த்தது ஒன்று.

"ராத்திரி எரிஞ்சுதுல்ல?"

"எரிஞ்சுது சார்."

"அப்புறம் என்ன."

வீட்டுக்குள் வந்து மின்விசிறிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டீ கொடுத்தாள். பையிலிருந்து தாளை எடுத்தார். அது அவருடைய தாள், ஆனாலும் அதே அச்சு, அதே கட்டம். 'ஏறிப் பார்த்தது' என்ற இடத்தில் டிக் அடித்தார். ஏறிய நேரம் பத்து ஐம்பது, இறங்கிய நேரம் பன்னிரண்டு பத்து என்று எழுதினார். எழுதியபின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றுதான். பன்னிரண்டு பத்து வரைக்கும் ஆபீசுக்குத் திரும்ப முடியாதே. இன்னொரு டீ கேட்டார்.

விளக்குக்காரன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சம்மட்டி அந்தப் பேனாவையே பார்த்தாள். இவள் கிழிந்த கையோடு டீ கலக்கிக் கொடுக்க, அவர் சலூன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். திட்டவும் முடியாது. திட்டினால் யாரை முதலில் திட்டுவது?

கிளம்பும்போது அவருக்கு மனசு நிறைந்திருந்தது.

"காத்துமானி ஒண்ணு ரெண்டு வருஷமா குடோன்ல தூங்குது," என்றார். "குன்று மேல வைக்கணும், தினம் ஒருத்தன் ஏறிப் பாத்துச் சொல்லணும். எங்கயும் ஏற வழியில்லைன்னு எல்லாரும் தட்டிக் கழிச்சுட்டானுங்க. உன் குன்றுல ராஜபாட்டையே இருக்கு. அடுத்த வாரம் ஆளனுப்பி மாட்டிடறேன். காலையில ஆறரைக்கு ஏறிப் பாத்து, காத்து எவ்வளவுன்னு ஆபீசுக்குப் போன் பண்ணிடு. அத வச்சுத்தான் படகு போகலாமா வேணாமான்னு சொல்லுவாங்க."

"தினமுமா சார்?" என்றான் விளக்குக்காரன்.

"காத்து தினமும்தானப்பா அடிக்குது."

ஜீப் போனது. வேலை பிழைத்தது, வீடும் பிழைத்தது. ஜெயித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். விளக்குக்காரன் படியில் உட்கார்ந்து குன்றைப் பார்த்தான்.

"நீ இவ்வளவு நல்லாப் போட்டிருக்க வேணாம்," என்றான்.

அவள் டீ டம்ளரைக் கழுவி, தேவைக்கு மேல் சத்தமாகக் கவிழ்த்து வைத்தாள்.

காற்றுமானி வந்தது. கம்பத்துக்குப் பக்கத்தில் மூன்று கிண்ணம் வைத்த ஒரு பம்பரம் சுற்ற ஆரம்பித்தது. முதல் ஐந்து நாள் அவன் இருட்டோடு எழுந்து போனான். புலம்பிக்கொண்டே போனான், ஆனால் போனான். ஏழு மணிக்குச் செம்மண் காலோடு இறங்கி வந்தான் என்று குழாயடியில் சொன்னார்கள். அவள் கொஞ்சம் சமாதானமானாள். நீ என்பது மறுபடி நீங்க ஆனது.

ஆறாம் நாள். ஆலை லாரி ஆறரைக்குக் குன்றைச் சுற்றிக்கொண்டு போகும் கடற்கரைச் சாலையில் வந்தது. பின்னால் பதினான்கு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். காற்று அன்று ஆளைத் தள்ளியது. தலைத்துணி நிற்கவில்லை. துறையில் படகுகள் இன்ஜினைப் போடாமல், ஆபீஸ் சொல்லட்டும் என்று காத்து நிற்பது தெரிந்தது. சம்மட்டி சும்மாதான் திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளைக் கோடு. அதன் முதல் வளைவில், பாறைக்கு முதுகைக் கொடுத்து, காற்றுப் படாமல் ஒருவன் உட்கார்ந்திருந்தான். காதில் போன். இன்னொரு கையை ஆட்டி ஆட்டி, ஒவ்வொரு எண்ணாக யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் லாரியின் கேபின் தகரத்தில் இரண்டு அடி அடித்தாள். லாரி நின்றது. முன்னாலிருந்து மேஸ்திரி தலையை நீட்டினார்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

அவள் பின்கதவைத் தாண்டிக் குதித்தாள்.

"எங்க போற? இறங்கினா இன்னைக்கு ஆப்சென்ட்தான், சொல்லிட்டேன்."

"போட்டுக்கோங்க," என்றாள். தலைத்துணியை இழுத்து இடுப்பில் கட்டினாள். "காத்து எவ்வளவு அடிக்குதுன்னு பாத்துட்டு வரேன்."

சாலையிலிருந்து அந்தப் பக்கத்தில் பாதை இல்லை. அவள் முள்ளுக்குள் நேராக ஏறினாள்.